ஷூமே டீச்சர் கல்யாணத்தில் மழை

கீலுங் துறைமுகத்தில் மழை பெய்யும் என்று சொல்ல யாரும் படிக்க வேண்டியதில்லை. என்றைக்குப் பெய்யாது என்று சொல்லத்தான் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பைத்தான் பெங் ஷூமே அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தாள்.

அதற்கு முன் அவள் வானிலை அலுவலகத்தில் இருந்தவள். ஒருமுறை புயல் வரும் என்று அவள் சொன்னதை நம்பி ஊருக்கே லீவு விட்டார்கள். புயல் கடலிலேயே திரும்பிப் போய்விட்டது. வெயில் பல்லைக் காட்டியது. அன்று முழுக்க ஃபோனில் வசவுதான். இழுவைப் படகு ஓட்டும் கூ யுங்சென் என்பவர் காலையில் ஒரு தரம் திட்டினார், ஆத்திரம் அடங்காமல் சாயங்காலம் இன்னொரு தரம் திட்டினார். புயல் ஏன் திரும்பியது, எதைத் தான் கவனிக்கத் தவறியது என்று ஷூமே அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா நான் எதுக்குங்க ரெண்டாந்தரம் கூப்பிடப் போறேன்?" என்றார் அவர்.

பிறகு அலை எப்படி என்று கேட்க அடிக்கடி கூப்பிட்டார். அலையே இல்லாத நாளிலும் கூப்பிட்டார். நாற்பதைத் தாண்டி ஷூமேவுக்குக் கல்யாணம் கூடிவந்த கதை இதுதான்.

வகுப்பில் அவள் 'வரலாம்' என்ற சொல்லுக்குத் தடை போட்டிருந்தாள். எத்தனை சதவீதம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், கடைசியில் குடை எடுக்கணுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும் என்பாள். அதில் மாட்டிக்கொண்டு முழித்தவன் லியௌ திங்வெய். வானிலைப் படத்தின் முன்னால் புலி. யாராவது கேள்வி கேட்டால் எலி.

கல்யாண நாளை மாப்பிள்ளையின் அம்மா பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துவிட்டார். விருந்தைப் படகுத்துறையில், வானம் தெரிய வைக்க வேண்டும் என்பதும் அவர் ஆசை. ஷூமே மறுத்துப் பேசவில்லை. மதியமா ராத்திரியா, பந்தலா வெட்டவெளியா என்று முடிவு செய்வதையே தன் மாணவர்களுக்குக் கடைசிப் பரீட்சையாக வைத்துவிட்டாள். முந்தின நாள் சமையல்காரர் சாயிடம் முடிவைச் சொல்லும் வேலை திங்வெய் தலையில் விழுந்தது.

அவன் வாடைக்காற்று, காற்றழுத்தம் என்று ஆரம்பித்தான். சாய் மறித்தார்.

"தம்பி, அதெல்லாம் எனக்கு வேணாம். பந்தல்காரன் லாரியில ஏறி உக்காந்திருக்கான். வரச் சொல்லவா, வீட்டுக்குப் போகச் சொல்லவா?"

திங்வெய் கையிலிருந்த வானிலைப் படத்தைச் சுருட்டினான். "போகச் சொல்லுங்க மாஸ்டர். மதியச் சாப்பாடு முடியறவரைக்கும் மழை இல்ல."

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. இறால் வந்தது, நண்டு போட்ட ஒட்டரிசிச் சோறு வந்தது. முழு மீனை மேசைக்குக் கொண்டுவரும்போது வாடைக்காற்றும் கடலிலிருந்து ஏறி வந்தது. கூடவே மழை. விருந்தாளிகள் ஒருவர்கூட எழுந்து ஓடவில்லை. ஆளாளுக்கு மேசைக்கடியிலிருந்து குடையை எடுத்து விரித்து, ஒரு கையில் அதைப் பிடித்தபடி மறு கையால் மீனைப் பிய்த்தார்கள். குடை இல்லாமல் வந்திருந்தது வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான். தாங்கள் சொன்னதைத் தாங்களே நம்பியிருந்தார்கள்.

திங்வெய் அடுப்புகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஷூமே சிவப்புப் பட்டுடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைக்கோடு அங்கேயே வந்துவிட்டாள்.

"டீச்சர், என்னை ஃபெயில் பண்ணிடுங்க. மைக் மட்டும் வேணாம்."

"ஃபெயில் பண்றதை அப்புறம் பாத்துக்கலாம். நனையறவங்களுக்கு யாராவது பதில் சொல்லணும்ல?"

அவன் மைக்கைப் பிடித்தான்.

"காலையிலயே வடக்கே கடல்ல இருக்கற தீவுல காத்து திரும்பிடுச்சு. நான் பாத்தேன். சொன்னதை மாத்தினா சிரிப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன். மழை வானத்தால வந்தது. பந்தல் இல்லாம போனது என்னால."

அடுப்படியிலிருந்து சாய் குரல் கொடுத்தார்: "சூப்புல தண்ணி கூடிப்போச்சு, அதையும் உன் கணக்குலயே எழுதிக்க!" கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்காமல், விருந்தாளிகள் படுத்த மெத்தை உறைகளை நாளைக்குத் துவைத்துப் போடலாமா என்று கேட்டார்.

"போடாதீங்கம்மா. இந்த வாரம் முழுக்க மழை விடாது."

யோசிக்காமல் சொன்னான் திங்வெய். ஷூமே கணவரின் கையை அழுத்தினாள். தன் கல்யாணத்தில் அவளுக்கு ஆக இனித்த நேரம் அதுதான் என்று பிற்பாடு அவரிடம் சொன்னபோது, அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அந்த வாரம் மழை விடவில்லை. தேனிலவுக்குப் போன இடத்திலிருந்து ஷூமே மதிப்பெண் அனுப்பினாள்: திங்வெய்க்குக் கணிப்பில் பாதி, பேச்சில் முழுசு. இப்போது அவன் ஹுவாலியன் பக்கம் மீனவர்களுக்கு வானிலை சொல்கிறான். காற்று மாறினால், காலையில் சொன்னதை மதியமே கூசாமல் மாற்றிச் சொல்வானாம்.

அடுத்த வருடப் பிள்ளைகள் வந்ததுமே பரீட்சைக்கு யார் கல்யாணம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் பெண்ணுக்கு நிச்சயமாகியிருப்பதாகப் பேச்சு. தேதியைக் கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.