பத்துக்கு மூன்று

டெக்ஸாஸில், ரிச்சர்ட்சனில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சீனாவிலிருந்து வந்த மூன்று பேருக்கு ஏழெட்டு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். செவ்வாயும் வியாழனும், மதிய உணவு நேரத்தில். நல்ல மனதோடு செய்த காரியம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மின்னஞ்சலில்தான் அது ஆரம்பித்தது. டெலிபோன் கம்பெனிகள் வாங்கும் கருவிகளுக்குள் ஓடுகிற மென்பொருளைச் சோதித்து அனுப்புவது எங்கள் வேலை. ஒரு வாடிக்கையாளர், விடுமுறைக்கு முன்னால் புது மென்பொருளை எடுத்துக்கொள்ளத் தாங்கள் 'ரெலக்டன்ட்' என்று எழுதியிருந்தார். தயக்கமாக இருக்கிறது, இப்போது வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் குழுவிலேயே மூத்தவரான சீனப் பொறியாளர் அந்தச் சொல்லைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்று மாலையே அனுப்பிவிட்டார். அவர்களுடைய நெட்வொர்க் அரை நாள் படுத்துவிட்டது.

மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். டெக்ஸாஸிலேயே பிறந்து வளர்ந்தவர். யாரையும் 'மேம்', 'சர்' இல்லாமல் பேச மாட்டார், குரலை உயர்த்தவே மாட்டார். சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி வேண்டும், உங்கள் ஆங்கிலம் பிரமாதம், நீங்கள் நடத்த முடியுமா என்று கேட்டார்.

அந்த 'பிரமாதம்' என்னை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் கரூர்ப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். கோயம்புத்தூரில் காலேஜ் முதல் வருடம், மெஸ் பில் பற்றி ஏதோ கேட்டபோது 'ரிசீட்' என்பதை எழுத்துக் கூட்டி 'ரிசிப்ட்' என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடமும் அதுதான் என் பெயர். பெஞ்சில் எழுதி வைத்தார்கள். டிகிரி வாங்க மேடையேறியபோதுகூட பின்னாலிருந்து ஒருத்தன் அப்படித்தான் கத்தினான். அதற்குப் பிறகு அகராதியைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தேன். அப்படிப்பட்டவளிடம் ஒரு வெள்ளைக்காரர் வந்து உன் ஆங்கிலம் பிரமாதம் என்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

வகுப்பு ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கலாம். மூத்தவரைத் தவிர, புதிதாகச் சேர்ந்த ஓர் இளம்பெண், பாதி நாள் வராத இன்னொருவர், மூன்றே பேர். வாரத்துக்குப் பத்துச் சொற்கள், ஒரு பத்தி, அதன் கீழே கேள்விகள். மூத்தவருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். ஒவ்வொரு சொல்லையும் சின்ன அட்டையில் எழுதி, பின்பக்கம் சீன மொழியில் அர்த்தம் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். நான் கொடுத்த எந்தச் சொல்லையும் அவர் மறந்ததில்லை. வேலையிலும் அப்படித்தான். நாங்கள் நாலு பேர் ரெண்டு நாள் தேடிக் கிடைக்காத பிழையை, டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்.

பேச்சில்தான் தடுமாற்றம். முக்கியமாக 'ஹீ', 'ஷீ' இரண்டும் மாறி மாறி வரும். அவர்கள் மொழியில் ரெண்டுக்கும் ஒரே ஒலிதானாம். அந்த இளம்பெண்தான் ஒருநாள் அதைச் சொன்னாள். நம் தமிழிலும் மரியாதையாக 'அவர்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. இதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை அவர் தவறும்போதும் பேனாவால் மேஜையைத் தட்டுவேன். ஒரு தட்டு, அவர் திருத்திச் சொல்ல வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வியாழக்கிழமை, பத்தியைத் தொடங்குவதற்கு முன்னால், இந்த வாரம் என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். அவர் அட்டைகளைக் கீழே வைத்தார்.

"மை வைஃப், ஹீ ஹேவ் கேன்சர்."

மேஜையைத் தட்டினேன். "ஷீ ஹேஸ்."

"ஷீ ஹேஸ் கேன்சர்."

"முழுசா சொல்லுங்க. மை வைஃப் ஹேஸ் கேன்சர். ஹீயும் வேண்டாம், ஷீயும் வேண்டாம்."

"மை வைஃப் ஹேஸ் கேன்சர்" என்றார்.

"குட்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம்பெண் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. ஸாரி என்றேன். அவர், பரவாயில்லை, இப்போது சரியாகச் சொல்ல வருகிறது, ஆஸ்பத்திரியிலும் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

வகுப்பைத் தொடர்ந்து நடத்தினேன். அன்றைய பத்தி தேனீக்களைப் பற்றியது.

அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் பாட்லக். ஐந்தாறு தமிழ்க் குடும்பங்கள், வீட்டுக்கொரு சமையல். சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தி, "ஏய், உன் சைனீஸ் ஸ்டூடண்ட்ஸ் எப்டி இருக்காங்க?" என்று கேட்டாள். நான் எழுந்து நின்று அவரை மாதிரியே நடித்துக் காட்டினேன். தோளைக் குறுக்கி, சட்டைப் பையிலிருந்து அட்டை எடுப்பதுபோலப் பாவனை செய்து, "மை வைஃப், ஹீ குக் வெரி குட்" என்றேன். கேன்சரை எடுத்துவிட்டுச் சமையலைப் போட்டேன். அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் இருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திரும்பப் பண்ணு, திரும்பப் பண்ணு" என்றார். பண்ணினேன். ஒன்பது வயது மகள் சோபாவின் கையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கம்பெனியின் குடும்ப நாள் வந்தது. பூங்காவில் மேஜை போட்டு, பார்பெக்யூ, பலூன் எல்லாம் வைத்திருந்தார்கள். அவர் மனைவியை அழைத்து வந்திருந்தார். தலையில் பூப்போட்ட பருத்தித் துணி கட்டிய, மெலிந்த பெண்மணி. தர்பூசணித் துண்டுகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு மூத்தவர் நேராக என் மகளிடம் வந்தார்.

"யுவர் மதர், ஹீ மை டீச்சர்" என்றார்.

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "அம்மா! ஹீ ரியலி டாக்ஸ் லைக் தட்! டூ த வைஃப் ஒன், அம்மா, ப்ளீஸ்!"

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவருக்குப் புரியாது என்று ஒரு நொடி நம்பினேன். அவர் தட்டை நீட்டியபடியே நின்றார். ஆனால் மனைவிக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் என் மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிழையே இல்லாத ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்: "என்னை கீமோவுக்குக் கூட்டிட்டுப் போறப்போ ஒவ்வொரு சிக்னல்லயும் உங்க வார்த்தைகளை எடுத்துப் படிப்பார். நான் கேள்வி கேட்கணும். அது எங்களுக்கு நல்லா பொழுது போகுது."

என் மகள் ஒரு தர்பூசணித் துண்டை எடுத்துக்கொண்டு தேங்க் யூ என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் ஒரு நாள்தான் இருந்தது. திங்கட்கிழமை அவரை நடைபாதையில் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். இவர் ஏன் அங்கே வந்து நின்றார், இவர் ஏன் என் மகளிடம் பேச வேண்டும் என்று தோன்றியது. அவர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். வகுப்பில் அதிகமாகத் தட்ட ஆரம்பித்தேன். அவர் கேட்ட சந்தேகங்களுக்கு, போன வாரமே சொன்னேனே என்றேன். சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் குழுவை நடத்த ஒரு லீட் தேவைப்பட்டது. வேலையைப் பார்த்தால் அவர்தான், பேச்சைப் பார்த்தால் நான்தான். இது எல்லோருக்கும் தெரியும். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, மூன்று பேருக்கும் சின்னதாக ஒரு மதிப்பீடு செய்து தர முடியுமா மேம் என்று கேட்டார். பயிற்சியைத் திட்டமிடத்தான், வேறொன்றுமில்லை என்றார். அதை நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். அந்த மாதம் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று காபி மெஷின் பக்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்திகளை நானே தேர்ந்தெடுத்தேன். மற்ற ரெண்டு பேருக்கும், வாடிக்கையாளர் எழுதுவது போன்ற ஒரு சாதாரணக் கடிதம். அவருக்கு மட்டும் ஒரு பழைய நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து ஒரு பத்தி. ஒரே வாக்கியம் ஏழு வரி ஓடும். நானே மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. பத்துக் கேள்விகள். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். மூன்று சரி. காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, மன்னிக்க வேண்டும், சரியாகப் படிக்கவில்லை, ராத்திரி மனைவிக்கு வாந்தி என்றார்.

மேலாளருக்கு அனுப்பியதில் மதிப்பெண்ணை மட்டும் எழுதியிருக்கலாம். கீழே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: எழுத்து ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள இவருக்கு 'சப்ஸ்டான்ஷியல்' உதவி தேவை. முதலில் 'சம்', அதாவது கொஞ்சம், என்றுதான் போட்டேன். அது வெறுமையாக இருந்தது, மாற்றினேன். வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, வகுப்பு நேரத்துக்கு அவர் மட்டும் வந்தார். கையில் அட்டைகள் இல்லை, ஒரு கடிதம் இருந்தது. அதை மேஜையில் விரித்து என் பக்கம் திருப்பினார்.

"ஹெச்.ஆர் கொடுத்தாங்க. கையெழுத்து போடணும். புரிஞ்சு போடணும்னு மனைவி ஆஸ்பத்திரியிலேருந்து ஃபோன்ல சொன்னா. நீங்க உதவி செய்யணும்."

அவர் பேசியது உடைந்த ஆங்கிலம்தான். தமிழில் எழுதும்போது பிழைகள் காணாமல் போய்விடுகின்றன. இப்போது படித்துப் பார்த்தால் அவர் எவ்வளவு சரியாகப் பேசியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

வரி வரியாகப் படித்தோம். 'டெர்மினேஷன்' என்றால் வேலைநீக்கம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. 'வெய்வ்' என்றால் உரிமையை விட்டுக்கொடுப்பது என்றேன். கம்பெனி தரும் மருத்துவ இன்ஷூரன்ஸ் எப்போது நிற்கும் என்ற வரியை அவர் விரலால் தொட்டு ரெண்டு தடவை கேட்டார். இந்த மாதக் கடைசியோடு என்றேன். தலையாட்டினார். ரெண்டாம் பக்கத்தில் காரணம் இருந்தது. என் வாக்கியம் அப்படியே இருந்தது. ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

"இந்தச் சொல் நீங்க கொடுக்கலையே" என்று 'சப்ஸ்டான்ஷியல்' மேல் விரலை வைத்தார். "என்ன அர்த்தம்?"

"நிறைய" என்றேன்.

பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் சீன மொழியில் எழுதிக்கொண்டார்.

"இதை யார் எழுதினது?"

"ஹெச்.ஆர்தான் எழுதியிருப்பாங்க."

அவர் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை உதடசைத்துப் படித்தார். "நல்ல வாக்கியம். தப்பே இல்லை" என்றார். பிறகு எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். தெரிந்துதான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். பத்தியை மாற்றியதைச் சொல்லவில்லை. மற்றதெல்லாம் சொன்னேன்.

"உன்னாலயா போனாரு? கம்பெனி டிசைட் பண்ணது. நீ இல்லேன்னா வேற யாரையாவது கேட்டிருப்பான்" என்றார்.

"அவர் வைஃப்புக்கு ட்ரீட்மெண்ட் நடந்துட்டு இருக்குங்க."

"பாவம்தான். அவங்க பொண்ணு பாஸ்டன்ல இருக்கான்னு சொன்னியே, பாத்துப்பா. நீ ஃபீல் பண்ணிட்டு உக்காராத. லீட் விஷயம் என்னாச்சு?"

லீட் விஷயம் அடுத்த வாரமே முடிந்தது. எனக்குத்தான். மேலாளர் கை குலுக்கி, வாழ்த்துகள் மேம் என்றார். குழுவினர் கேக் வெட்டினார்கள். மூத்தவர் தேடிப் பாதியில் விட்டுப்போன ஒரு பிழை அப்படியே கிடந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு பாஸ்டனுக்கே போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மனைவியைப் பற்றி நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

வகுப்புக்கு இளம்பெண் மட்டும் இன்னும் ரெண்டு வாரம் வந்தாள். கடைசி நாள், பையை மூடிக்கொண்டே கேட்டாள்: "அந்த டெஸ்டுல அவருக்கு வேற பத்தி கொடுத்தீங்களாமே, ஏன்?"

"காப்பி பத்தலை" என்றேன்.

 ஓகே என்றாள். அடுத்த செவ்வாய்க்கிழமை, வேலை அதிகமாக இருப்பதால் இனி வர இயலாது என்று நாலு வரி எழுதி அனுப்பியிருந்தாள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இன்னும் என் குழுவில்தான் இருக்கிறாள். எனக்கு எதிரே நாலாவது மேஜை. எது கேட்பதாக இருந்தாலும் எழுதித்தான் கேட்கிறாள், நானும் எழுதித்தான் பதில் சொல்கிறேன்.