மாவாட்டும் பக்கம் திருப்பினால் மூடிக்கொள்ளும்

முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்லிவிடுகிறேன், பயணம் அப்புறம். மூத்த பேரன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. போன வருஷம் அமெரிக்கா போய்வந்து எனக்கு ஒரு டார்ச்லைட் வாங்கிவந்தான். அடுத்தவன் விழுப்புரத்தில் வாத்தியார், கணக்கில் புலி. மகள் வயிற்றுப் பேத்தி நர்சுப் படிப்பில் மெடல் வாங்கினாள். கடைக்குட்டி சாக்கு ஓட்டத்தில் முதலாக வந்து டிபன் பாக்ஸ் ஜெயித்தான். நான் எழுதிக் கொடுப்பதை இந்த வலைப்பூவில் தட்டிப் போடும் மீனா, என் மகனின் மகள், பி.இ. சிவில், எங்கள் வீட்டின் முதல் இன்ஜினியர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் என்னுடையது, தட்டுப் பிழை இருந்தால் அவளுடையது.

இவ்வளவு இருந்தும் எனக்கு வயிற்றெரிச்சல். காரணம் என் ஓரகத்தி பட்டம்மாள். அவள் பேத்தி சுதா புதுச்சேரியில் குடிதண்ணீர்ப் பிரிவில் ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர். ஜீப் உண்டு, சொன்னதைச் செய்ய ஆட்கள் உண்டு. காதுகுத்து, வளைகாப்பு எங்கே பார்த்தாலும் பட்டு ஒன்றைத்தான் சொல்வாள்: "எம் பேத்தி கைய வச்சாதாங்க்கா பாண்டிக்கே தண்ணி."

சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்த மாசியில் மீனாவுக்கும் அதேபோல சர்க்கார் தண்ணீர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அதே வாரம் கம்ப்யூட்டர் கம்பெனியும் கூப்பிட்டது. மீனாவுக்குத் தண்ணீர்மேல்தான் ஆசை. என் மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "ரோட்ல பள்ளம் தோண்டற வேலை பொண்ணுக்கு எதுக்கும்மா? மேல இருக்கறவனுக்குக் கோவம் வந்தா தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவானுங்க. நீ போயி சுதா படற பாட்ட பாத்துட்டு வா. நீ சொல்றதுதான் முடிவு" என்றான். மீனா அழுதுகொண்டே எனக்குப் பை கட்டித் தந்தாள். நானும் குறை கண்டுபிடிக்கத்தான் கிளம்பினேன், மறைப்பானேன்.

கோலியனூரில் காலை ஏழு மணிக்கு பஸ். புதுச்சேரிக்கு முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், பதினோரு ரூபாய். சுதாவின் ஆபீஸ் இருக்கும் மூலக்குளம் ஊருக்குள் நுழையும் முன்பே வரும். பக்கத்து சீட்டு அம்மாவுக்கு மூன்றாவது பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அது கடந்துபோய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

"எங்க போவணும் ஆயா?"

"மூலக்குளம் தண்ணி ஆபீசுப்பா. எங் கொழுந்தன் பேத்தி அங்க தண்ணி ஆபீசரு."

"பொண்ணா? பரவால்லியே! பிராந்திக் கடையா, சாராயக் கடையா?"

"அடப்பாவி, குடிக்கிற தண்ணிடா!"

"அதத்தான் ஆயா நானும் கேக்கறேன்."

"கொழாய்ல வர்ற தண்ணி!"

"அதுவா," என்று அவன் சுவாரசியம் போய் வண்டியைக் கிளப்பினான். நாற்பது ரூபாய் தண்டம்.

மூலக்குளத்தில் மேல்நிலைத் தொட்டிக்கு அடியில் சுதா நின்றிருந்தாள். சுடிதார், காலில் ரப்பர் பூட்ஸ், கொண்டை போட்ட தலை. சுற்றி நாலு ஆண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டுவும் முன்னதாகவே வந்து, தொட்டியைத் தானே கட்டியதுபோல நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சுதாவின் போன் அடித்தது. யாரோ காண்டிராக்டர், அவன் குரல் வெளியே கேட்டது. "சார்கிட்ட போன குடும்மா."

"நாந்தாங்க சார். சொல்லுங்க," என்றாள் சுதா.

எனக்கு அப்போதே நெஞ்சு காந்தியது.

அங்கிருந்து குருசுக்குப்பத்துக்கு ஜீப்பில் போனோம், பட்டு முன்சீட்டில். கடலை ஒட்டிய மீனவர் தெரு; கிணற்றில் உப்பு, குழாயை விட்டால் வேறு கதியில்லை. வரிசையில் குடங்கள் காத்திருந்தன. பிளாஸ்டிக் குடத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "இந்தப் பொண்ணு எப்பிடிம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு குறையாவது கிடைக்காதா என்றுதான்.

"முன்னெல்லாம் வெடியக்காலம் தண்ணி வுடுவாங்க ஆயா. நாங்க மீன்கூடையோட மார்க்கெட்ல குந்தினு இருப்போம், இங்க தண்ணி தானா ஓடி மண்ணுல போவும். இதுதான் வந்து, 'ஒங்களுக்கு எப்ப தோது'ன்னு கேட்டுச்சு. மீனு வித்துட்டு வந்தப்பறம் வுடச் சொல்லி மாத்துச்சு. இத்தினி வருசத்துல ஒரு ஆம்பளைக்கு இது கேக்கத் தோணலியே!"

குறை கிடைக்கவில்லை.

தெருமுனையில் இரும்பு மூடியைத் தூக்கினார்கள். உள்ளே வால்வு. ஆள் உயர இரும்புச் சாவி, தலையில் குறுக்குக் கைப்பிடி. சுதா அதை உள்ளே விட்டுப் பாதி திறந்தாள். குழாய்கள் இருமிக்கொண்டு தண்ணீர் துப்பின. "மிச்சத்த நீங்க திருப்புங்க பெரியாயா" என்றாள்.

பிடித்தேன். ஆட்டுக்கல் குழவியைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கை, கேட்காமலே அந்தப் பக்கம் சுற்றியது. தெருவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "யாருடி அது, தண்ணிய நிறுத்தினவ!"

சுதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாவாட்டற பக்கம் திருப்பினா மூடிக்கும் பெரியாயா. எதிர்ப்பக்கம் திருப்புங்க. புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு இப்பிடித்தான் சொல்லித் தருவேன்."

எதிர்ப்பக்கம் திருப்பினேன். சாவி வழியாக ஒரு அதிர்வு தோள்வரை ஏறியது. தெரு முழுக்கக் குடங்கள் நிறையும் சத்தம். வயது வந்த நாளிலிருந்து குடம் சுமந்திருக்கிறேன். தண்ணீர் வரும்வரை நின்றிருக்கிறேன். ஒருநாளும் நான் வரச் சொல்லி அது வந்ததில்லை. இந்தச் சின்னப் பெண் தினமும் வரச் சொல்கிறாள். பட்டம்மாள் மேல் இருந்த பொறாமை எழுந்துபோய் சுதா மேல் உட்கார்ந்துகொண்டது.

பட்டு சும்மா இருந்தாளா? அத்தனை மீன்காரம்மாக்கள் முன்னால், "மீனா கம்ப்யூட்டருக்குத்தானே போவுது? நல்லதுக்கா, நெழல்ல வேலை. இதுக்கெல்லாம் ஒரு தெம்பு வேணும்ல" என்றாள்.

"யாரு சொன்னா? வர்ற திங்கக்கெழம மீனா தண்ணி வேலையில சேர்றா," என்றேன். மகனைக் கேட்கவில்லை, மீனாவைக் கேட்கவில்லை. வாய் முந்திக்கொண்டது. வயிற்றெரிச்சலில் சொன்னேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரிந்தால்தானே சோறு வேகும்?

வீட்டுக்கு வந்ததும் மகன் குதித்தான். "தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டா இன்னா பண்ணுவ?"

"அங்கதாண்டா தண்ணிக்காரி தேவை" என்றேன். உள்ளறையில் மீனா சிரித்தது கேட்டது. முடிவை என் கையில் கொடுத்தவன் அவன்தானே.

நீங்களும் பேத்தியையோ மகளையோ இந்த வேலைக்கு அனுப்ப யோசித்தால், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விழுப்புரம் பக்கமிருந்து வருகிறவர்கள் மூலக்குளத்திலேயே இறங்குங்கள். பஸ்ஸில் பேரப்பிள்ளை பெருமையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பாண்டி ஆட்டோக்காரரிடம் தண்ணி என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். குருசுக்குப்பத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும், குடை கட்டாயம்.

மீனா, இந்தப் பக்கத்தின் மேலே இருக்கிறதே என் வோட்டர் கார்டு படம், அதில் நான் கோழி திருடி அகப்பட்டவள் மாதிரி இருக்கிறேன். எடுத்துவிடு. நான் வால்வு திருப்பும்போது சுதா பிடித்த படத்தைப் போடு. சாவி முழுசாகத் தெரியவேண்டும். ஓரத்தில் பட்டம்மாள் நிற்கிறாள், அவளை வெட்டிவிடு. அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். உன் கைக்கு ஒரு சாவி வந்ததும் என்னையும் தூக்கிவிட்டு உன் படத்தைப் போடு, பட்டு கண்ணாடி இல்லாமலே பார்க்கிற மாதிரி பெரிசாக.