நாலு மாத பாஸ்போர்ட்

அடையாறு சிக்னலில் ஆட்டோ நிற்கிறது. என் மடியில் பெட்டி. மகளின் பிரசவத்துக்கென்று மனைவி வசந்தா கிளறிய லேகியம் அதற்குள் இருக்கிறது.

“எந்த ஊர்லேர்ந்து வர்றீங்கோ சார்?” என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக் கேட்கிறார். விமான நிலையத்தில் ஏறியதால், நான் வந்திறங்கியவன் என்று நினைத்துவிட்டார்.

“எங்கேர்ந்தும் வரலப்பா. சிங்கப்பூருக்குக் கிளம்பினேன், விடல. வீட்டுக்குத் திரும்பிப் போறேன்.”

“இன்னா சார், பாஸ்போர்ட்டு கீதுல்ல?”

“இருக்கு. முடியறதுக்கு இன்னும் நாலு மாசந்தான் இருக்கு. ஆறு மாசமாவது இருக்கணுமாம்.”

“நாலு மாசம் கீதே! அதுக்குள்ள எத்தினி தபா போய்ட்டு வரலாம்!”

கவுண்டரில் நானும் இதையேதான் சொல்லிக் கெஞ்சினேன். அங்கிருந்த பெண் முடியாதென்று தலையை மட்டும் ஆட்டினாள். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது; வசந்தாவையாவது போகச் சொன்னேன். அவள் இதுவரை தனியாக மதுரைக்குக்கூடப் போனதில்லை. கைப்பையை மார்போடு அணைத்தபடி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள். அவசரத்தில் லேகியப் பெட்டி என்னிடமே தங்கிவிட்டது. டிக்கெட் எடுக்கும்போதே என் பாஸ்போர்ட் முடியும் தேதியைப் பார்த்திருக்கலாம்.

கைப்பேசி ஒலிக்கிறது. வசந்தாதான்.

“முத்திரை போட்டுட்டாங்க. உள்ள வந்துட்டேன்.”

“ஏதாவது கேட்டாங்களா?”

“தனியாவா போறீங்கன்னு கேட்டாரு அந்த ஆபீசர். இல்ல சார், எங்க வீட்டுக்காரர் பின்னாடியே வர்றார்னு சொல்லிட்டேங்க.”

பச்சை விளக்கு எரிகிறது. ஆட்டோ காந்தி நகர்ப் பக்கம் திரும்புகிறது.