சரோஜாவின் சம்மதம்

போன செவ்வாய்க்கிழமை வெளிநோயாளிகளின் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது முருகேசன் வந்து நின்றார். கையில் அவருடைய அக்காவின் மருந்துச் சீட்டு. "சரோஜா வரலையா?" என்றேன். "நெஞ்சு வலின்னுச்சு மேடம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள போய்டுச்சி" என்றார். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அவரை உட்காரவைத்தேன்.

அடையாறில் எங்கள் மனநல மருத்துவமனையின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் குடும்பத்தாராகிய உங்கள் எல்லோருக்கும் சரோஜாவைத் தெரியும். புதிதாக வந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் கதையைச் சொல்லி, அவரைப் பேசவைப்பார். ஆனால் அவரே இங்கு வந்து சேர்ந்த கதை உங்களில் பலருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தி.நகரில் ஒரு கடை வாசலில் அமர்ந்து புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துவந்தார். புடவையில் யாரோ விஷம் தடவுகிறார்கள் என்று பயந்து நடுங்க ஆரம்பித்ததும், முருகேசன் கொண்டுவந்து சேர்த்தார். சிகிச்சைக்கான சம்மதப் படிவத்திலும் தம்பியான அவரே கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி. விஷ பயம் போய்விட்டது. ஆனால் மூன்றாவது ஊசிக்கு சரோஜா ஒப்பவில்லை.

"ஊசி போட்டு என் கைய புடுங்கிக்கினாங்க" என்றார். அதையும் நோயின் அறிகுறி என்றே கேஸ் ஷீட்டில் எழுதினோம். எழுதியது சமூகப் பணியாளராக இருந்த நான்தான். தம்பி சம்மதித்துவிட்டாரே என்று சமாதானம் சொன்னேன். கத்தினார்: "ஊசி எனுக்கு. அவன்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற?"

"கைக்கு என்ன ஆச்சு?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"தைக்கிற ஊசியும் நூலும் குடு."

கொண்டுவந்து கொடுத்தேன். நூலைக் கோக்க ஏழெட்டு முறை முயன்றார். விரல்கள் நடுங்கின. "இந்தக் கைய நம்பி பட்டுப் பொடவைய எவ குடுப்பா?" என்று அழுதார்.

அது பிரமை இல்லை, மருந்தின் பக்க விளைவு. ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசியை நிறுத்தினால் என்ன ஆகலாம், பதிலுக்கு என்ன மாத்திரை தரலாம் என்று விளக்கினார். "நான் சொன்னதை இப்ப நீங்க சொல்லுங்க."

"மாத்திரைய வுட்டா பயம் திரும்ப வரும். கை ஆடிச்சின்னா நான் சொல்லணும், நீ கொறைக்கணும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். இம்முறை படிவத்தில் சரோஜா கையெழுத்திட்டார். இரண்டு மாதத்தில் தைக்கப் போய்விட்டார்.

அப்புறம் ஒருநாள் அவராகவே வந்து, தான் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். "மறுபடி வெசம்னு பேசினேன்னா இட்டாந்துடுங்க. வேணாம்னு கத்துவேன், வுட்டுடாதீங்க. மாத்திரை குடு. அந்த ஊசி மட்டும் வேணாம்."

இரண்டு வருடம் கழித்து அதுவும் நடந்தது. முருகேசன் ஆட்டோவில் அழைத்து வந்தார். நீட்டிய மாத்திரையைத் தட்டிவிட்டார் சரோஜா. நான் அந்தத் தாளைப் படித்துக் காட்டினேன். பிடுங்கி, அதிலிருந்த தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார்.

"நானா சொன்னேன்?"

"நீங்கதான் சொன்னீங்க."

மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைத் தொடவில்லை. பிறகு தண்ணீர் கேட்டு, மாத்திரையை விழுங்கினார்.

அவரால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. உறவினரிடம் பேனாவை நீட்டுவதற்கு முன் நோயாளியின் அருகில் போய் உட்கார்கிறேன். நேற்று சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண், "மாத்திரை வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏம்மா வேண்டாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள், சொல்லத் தொடங்கினாள்.