தண்ணீர் வண்டி வராத நாள்

சிவகாசிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். மதுரையில் பயிற்சியின்போது எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே கை கழுவத்தான். நகக்கண், விரலிடுக்கு, முழங்கை வரை, ஓடுகிற தண்ணீரில். இங்கே வந்து பார்த்தால் கிணற்றில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, திரிந்த பால்போலக் கையில் ஒட்டிக்கொள்ளும். கோடையில் அதுவும் வற்றிவிடும். அப்புறம் மாட்டுவண்டியில் பீப்பாயில் வருகிற தண்ணீர்தான் குடிக்க, கத்தி கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்க, கை கழுவ, எல்லாவற்றுக்கும்.

அந்தக் கோடையில் பட்டாசுக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து, வெந்துபோன பெண்கள் சிலரைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து ஊரான ஆனைக்குட்டத்துக்காரி ஒருத்திக்கு இரண்டு கையும் மார்பும் வெந்திருந்தன. ஆனாலும் அவள் புண் சுத்தமாக, சிவந்து ஆறிக்கொண்டு வந்தது. "தீவாளி ஆர்டர் ஆரம்பிக்கதுக்குள்ள கை மடங்கிருமா நர்ஸம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளுக்குப் பச்சையாகச் சீழ் பிடித்துவிட்டது. அது எங்கள் கை வழியாகக் கட்டில் கட்டிலாகப் பரவும் என்று டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒருநாள் தண்ணீர் வண்டி வரவில்லை. முந்தின நாளும் பாதிப் பீப்பாய்தான் வந்திருந்தது. கையை முக்கி எடுக்க ஒரு பேசின் மருந்துத் தண்ணீர் மட்டும் மிச்சம்.

"நல்ல புண்ணுல ஆரம்பிப்போம். பச்சைச் சீழைக் கடைசியா வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

ஆனைக்குட்டத்துக்காரியின் கட்டைப் பிரிக்கக் குனிந்தபோதே சீழ் பிடித்தவள் காய்ச்சல் மயக்கத்தில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாள். இரண்டு பேரும் ஓடிப்போய்த் தூக்கினோம். தூக்காமல் எப்படி இருப்பது? எழுந்தபோது எங்கள் கையெல்லாம் சீழும் ரத்தமும். பேசினில் முக்கினோம். தண்ணீர் கலங்கிப்போயிற்று.

கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆனைக்குட்டத்தம்மாவுக்கு நாளைக்குப் பிரிக்கலாமா டாக்டர்?"

"நேத்தே பிரிச்சிருக்கணும். இந்த வெக்கையில இன்னைக்கும் மூடி வச்சா உள்ளேயே அழுகிடும்."

அவள் புருஷன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "தண்ணிதான வேணும்? இந்தா இருக்குல்ல" என்று, அவள் குடிக்க ஊரிலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த குடத்தைத் தூக்கிவந்தான். அவனே ஊற்றினான். நாங்கள் மாறி மாறிக் கழுவினோம். நல்ல தண்ணீர், சோப்பு நுரைத்தது. குடம் காலியானதும் டாக்டர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதுவும் கொதிக்க வைக்காத தண்ணிதான்" என்றார். பிறகு கட்டைப் பிரித்தோம். புண் நன்றாகவே இருந்தது.

சில நாளில் அவள் கட்டுத்துணியிலும் பச்சை படிந்தது. பெனிசிலின் அதை ஒன்றும் செய்யவில்லை. மதுரைக்கு அனுப்ப டாக்டர் கார் கேட்டு அலைந்தார். கார் கிடைத்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. பயணம் தாங்க மாட்டாள் என்று அவரே வேண்டாமென்றுவிட்டார். மறுநாள் காலையில் இறந்துபோனாள்.

அவன் அழவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்றான்.

"நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் பாத்தீக. நான் ஊத்துன தண்ணியில எதும் கெடுதி இருந்துச்சா?"

"இல்லப்பா" என்றார் டாக்டர்.

அவன் என்னைப் பார்த்தான். நானும் இல்லையென்று தலையாட்டினேன். எங்கள் கையா, ஈயா, விரிப்பா, அந்தத் தண்ணீரேதானா? எங்கள் இருவருக்குமே தெரியாது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே மற்றவர்களுக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பேசினை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.