இரண்டாவது அடுப்பு

அலுவலகத்தில் அவளை அடுப்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரோ சமையல்காரி என்று நினைத்துக்கொண்டு, டீ கிடைக்குமா என்று கேட்டு அசடு வழிந்ததும் உண்டு. அவள் இருபத்திரண்டு வருஷமாக வீட்டுவசதிக் கணக்கெடுப்பில் தெருத் தெருவாகப் படிவம் நிரப்புகிறவள். எத்தனை பேருக்கு வீடில்லை, எங்கே எத்தனை வீடு கட்டவேண்டும் என்று அரசாங்கம் திட்டம் போடுவதே அவளைப் போன்றவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் கட்டுகளை வைத்துத்தான்.

படிவத்தில் ஒரு விதி இருக்கிறது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள், எத்தனை பேரானாலும், ஒரு குடும்பம். ஒரு கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். அதில் ஒன்று வீடில்லாத குடும்பம், அதன் பெயர் பட்டியலில் ஏறும். இது ஊருக்குத் தெரிந்துபோன பிறகு, கணக்கெடுக்க வருகிறார்கள் என்றாலே வீட்டுக்கு வீடு மூலையில் இன்னொரு அடுப்பு முளைத்துவிடும். ஒருமுறை காலையில் ஒரு வீட்டில் பார்த்த அதே அடுப்பை, அதே நசுங்கலோடு, மத்தியானத்துக்குள் அவள் இன்னும் இரண்டு வீடுகளில் பார்த்தாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுப்பைத் தூக்கிப் பார்ப்பாள். தினமும் எரிகிற அடுப்பின் கால்களில் பொங்கி வழிந்ததும் எண்ணெயும் இறுகிப்போய் மேடையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கினால் சடக்கென்று சத்தம் வரும். காட்சிக்கு வைத்த அடுப்பு சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும். வந்தால் படிவத்தில் இரண்டாவது குடும்பத்தின் மேல் ஒரு கோடு, அவ்வளவுதான். அலுவலகம் இதைப் பயிற்சியிலேயே சேர்த்துக்கொண்டது. வருஷா வருஷம் புதியவர்கள் முன்னால் அவள்தான் அடுப்பைத் தூக்கிக் காட்டுவாள்.

இந்தமுறையும் ஒரு தையல்காரர் வீட்டில் அடுப்பு சத்தமில்லாமல் கையோடு வந்தது.

"பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டா என்னம்மா கொறஞ்சுடும் உங்களுக்கு?" என்றார் அவர்.

"எனக்கு ஒண்ணும் கொறயாதுங்க. நெஜமாவே ரெண்டு அடுப்பு எரிக்கிறவங்களோட இடம் போயிடும்."

"எங்கேம்மா எரிக்கிறது? மகனும் மருமகளும் அந்தச் சமையக்கட்டுலதான் படுக்கறாங்க."

மருமகள் சுருட்டிய பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அடுப்பம்மா கோடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அவளுடைய வீட்டுக்கதை வேறு. கணவன் இறந்த பிறகு தனியாக இருந்த அவளுடைய இரண்டு அறை வீட்டுக்கு, மூன்று மாசம் மட்டும் என்று சொல்லித் தங்கை வந்தாள். தங்கை வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பூட்டைப் போட்டுச் சாமான்களை வெளியே வைத்துவிட்டார். மூன்று மாசம் மூன்று வருஷமாகிவிட்டது. தங்கை, அவள் கணவன், இரண்டு பெண்பிள்ளைகள் எல்லாரும் முன்னறையில்தான் படுப்பார்கள். இரண்டு பேர் புரண்டால்தான் மூன்றாவது ஆள் புரளமுடியும். கால்வாய்க்கு அந்தப்பக்கம் அடுக்குவீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் அதில் ஒன்று. விட்டால் இந்த வார்டில் அடுத்த கணக்கெடுப்பு வர இன்னும் பத்து வருஷம்.

"அக்கா, எங்க பேரு ஏறுமா?"

"ஏறாதுடி. ஒரே அடுப்பு."

"ரெண்டு அடுப்பு வைக்க இடமிருந்தா நான் ஏன்க்கா வீடு கேக்கறேன்?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவளுக்கு இது தோன்றியதே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் அவளே ஒற்றை அடுப்பு ஒன்றை வாங்கிச் சாக்கில் சுற்றி, பின்சந்து வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேடையின் கோடியில் வைத்தாள். கஞ்சியைப் பொங்கவிட்டாள், எண்ணெயைச் சிந்தினாள், நாலு நாள் காயவிட்டாள். ஐந்தாம் நாள் தூக்கிப் பார்த்தாள். சடக்.

"கைகாரிதான்க்கா நீ," என்று தங்கை சிரித்தாள்.

"வாயை மூடுடி, வெளில கேட்டுறப் போகுது."

அவளுடைய வீட்டை அவளே எழுதக்கூடாது. வந்தவள் போன வருஷம் அவளிடம் பயிற்சி எடுத்த பெண்.

"ஐயோ, உங்க வீடாக்கா இது? உங்க வீட்டு அடுப்பை நான் போய்த் தூக்கறதா? எனக்கே கூசுது. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். எத்தனை அடுப்பு?"

தூக்குவார்கள் என்றுதான் அவள் தயாராக இருந்தாள். அந்தச் சத்தம் வந்துவிட்டால் அவள் ஒரு வார்த்தையும் பேசவேண்டியிருந்திருக்காது. இப்போது பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் இந்தப் பெண். சமையலறை வாசலில் தங்கை. தையல்காரரின் மருமகள் எங்கிருந்தோ நினைவுக்கு வந்தாள்.

"ஒண்ணு," என்றாள். "ஒரே குடும்பம். அஞ்சு பேர்."

"அதானே, உங்க வீட்டுல வேற எப்படி இருக்கும்!" என்று சொல்லிக்கொண்டே எழுதி முடித்துவிட்டுப் போனாள் அந்தப் பெண்.

தங்கை கத்தவில்லை.

"ஆபீஸ்ல நாலு பேர் உன்னைப் பெருமையா பேசணும். அதுக்கு என் பிள்ளைங்க இங்க சுருண்டு கெடக்கணும். அப்படித்தானே?"

"அவ தூக்கிப் பாத்திருந்தா..."

"தூக்கலையேக்கா. வாயைத் திறந்தது நீதான்."

அன்று சாயங்காலம் தங்கை இரண்டாவது அடுப்பைப் பற்றவைத்து அதில் தன் உலையை ஏற்றினாள். அக்காளுக்கு என்று ஒரு தட்டு வைக்கவில்லை. மறுநாளும் அப்படியே. தங்கையின் கணவன், "என்னக்கா, இப்படி ஆயிப்போச்சு?" என்று ஒருதரம் கேட்டுவிட்டு, பிறகு அவனும் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் பொறுத்துவிட்டு, வெட்கத்தை விட்டு அவள் சூப்பர்வைசரிடம் போனாள்.

"எங்க வீட்டுல இப்ப ரெண்டு அடுப்பு சார். திருத்திக் கொடுங்க."

"அடுப்பம்மா, கணக்கெடுத்தப்புறம் முளைக்கிற அடுப்பை எழுதக்கூடாதுன்னு பயிற்சியில சொல்றதே நீங்கதானே?"

"இது நெஜமாவே எரியுது சார். வந்து தூக்கிப் பாருங்க."

"சத்தம் வருமா?" என்றார் அவர். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள்.

"வரும் சார்."

"அப்ப நல்லா எரியட்டும். அடுத்த கணக்கெடுப்புல எழுதிக்கலாம்."

பட்டியல் போன மாதம் வெளியானது. அவளுடைய வார்டில் வீடில்லாதவர்கள் எண்ணிக்கை குறைந்துவிட்டதாம். கணக்கு சுத்தமாக இருக்கிறது என்று மேலிடத்திலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. அதை அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள்.

இப்போது காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமைக்கவேண்டியிருக்கிறது. ஒருத்தி நிற்கிற இடம் அது. இன்று தங்கை கொதிக்கிற பாத்திரத்தை இறக்கத் திரும்பினாள்; முழங்கை அக்காளின் மேல் இடித்தது.

"தள்ளிக்கோ," என்றாள். சில மாசங்களுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

அடுப்பம்மா தள்ளிக்கொண்டாள். முதுகு சுவரில் முட்டியது. தங்கை பாத்திரத்தைப் பிடித்தபடி, இன்னும் கொஞ்சம் இடத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.