பெரியவர் இல்லாத நால்வர்

சென்ற சனிக்கிழமை மகனின் குளிர் ஜாக்கெட்டைத் தேடி எங்கள் கட்டடத்தின் நிலவறைக்குப் போனேன். நோர்வேயில், ஒஸ்லோ நகரின் ஓரத்துப் புருசெத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே கம்பிவலை அடித்த ஒரு சின்ன அறை உண்டு. அதற்கென்று ஒரு மணம். பனிச்சறுக்குப் பலகைக்குப் பூசும் மெழுகு, ஈரமேறிய மட்டைப்பெட்டி, யாரோ ஊரிலிருந்து அனுப்பி நாங்கள் திறக்க மறந்த கறித்தூள், எல்லாம் சேர்ந்தது. கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. ஜாக்கெட் ஒரு பெட்டியின் மேல் கிடந்தது. எடுத்தபோது பெட்டி வாய் பிளந்தது. உள்ளே என் பழைய இசைத்தட்டுகள்.

மேலே இருந்தது அந்த நால்வரின் தட்டு. உறையில் நான்கு பேர் ஒரு சுவரோரமாக நிற்பார்கள். சாக்சஃபோன், டிரம்பெட், பேஸ், டிரம்ஸ். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வரிசையில் நிற்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று முன்பு எனக்குத் தோன்றும். அந்த வரிசையில் நிறைய நின்றவன் என்பதால் இருக்கலாம்.

நான் ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் நாதன் அண்ணையோடு ஓர் அறையில் இருந்தேன். பகலில் மொழி வகுப்பு, மாலையில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுவது. நாதன் அண்ணை நகர நடுவில் ஒரு ஜாஸ் மண்டபத்தில் துப்புரவு வேலை செய்தார். அங்கே ஒலி அமைப்பவர் வேண்டாமென்று ஒதுக்கிய தட்டுகளை அவருக்குக் கொடுப்பார். அண்ணைக்கு அந்த இசை துளியும் பிடிக்காது. ஆனால் சும்மா கிடைப்பதை விட்டுவர மனமும் வராது. முதல்முறை இந்தத் தட்டைப் போட்டுவிட்டு, கால்மேல் கால் போட்டுக் கொஞ்சநேரம் கேட்டார்.

"இது பாட்டில்லையடாப்பா. பஸ் மோதினாப் பிறகு நாலு பேரும் ஒரே நேரத்திலை சாட்சி சொல்லுற மாதிரிக் கிடக்கு."

நானோ எதைக் கேட்டாலும் தொடையில் தாளம் போடுகிறவன். கோயிலில் தவிலுக்குப் போட்டுப் பழகிய கை. ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன், ரூபகம் போட்டுப் பார்த்தேன். பிடித்துவிட்டேன் என்று நினைக்கும்போது டிரம்ஸ்காரர் வேறு தெருவில் போய்க்கொண்டிருப்பார். "பிடிச்சிட்டியோ?" என்று அண்ணை அடுப்படியிலிருந்து கேட்பார். இல்லை என்பேன். எத்தனை மாலை அப்படிப் போனது! கடைசியில் கையைத் தொடையிலிருந்து எடுத்த பிறகுதான் அந்த இசை எனக்குக் கேட்கத் தொடங்கியது.

அதன் கதையையும் ஒலி அமைப்பவர்தான் சொல்லிவிட்டிருந்தார். இந்த நால்வரும் ஒரு பெரிய சாக்சஃபோன்காரருக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களாம். ஜாஸில் அதுவரை இருந்த கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டவர் அவர். பியானோவே வேண்டாமென்று சொன்னவர். பிறகு ஒருநாள் மின்கிதார்களோடும் பெரும் சத்தத்தோடும் வேறு வழியில் போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் தங்களுக்குள் கூடி, அவர் விட்டுப்போன அந்தப் பழைய முறையில், மின்வயர் இல்லாமல், வெறும் வாத்தியங்களோடு தட்டுகள் போட்டார்கள். அவரைத் தலைவர் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமாக இருந்தது. ஆகவே பெரியவர் என்றோம்.

அண்ணைக்கு இதில் பெரிய ஆட்சேபம். "ஆள் உயிரோடை இருக்கேக்கை அவரின்ரை கடையை இவை திறந்து வைச்சிருக்கினம்" என்பார். அவர்தானே பூட்டிவிட்டுப் போனார் என்பேன் நான். அப்படியென்றால் பூட்டியபடி விடவேண்டியதுதானே என்பார். சோறு ஆறும்வரை வாதாடுவோம். எனக்கு அந்த நால்வர்மேல் ஏன் அவ்வளவு பாசம் என்று அப்போது தெரியாது. நாங்களும் ஒரு அறைக்குள், அம்மா சமைக்காத சமையலை அம்மா சமைத்ததுபோல் சமைத்துக்கொண்டிருந்தோம். உறைப்பு மட்டும் கூடிவிடும்.

பிறகு அண்ணை லண்டனுக்குப் போனார். தட்டுகளை என்னிடம் விட்டுப் போனார். எனக்குக் கல்யாணமானது, வேலை நிரந்தரமானது, புருசெத்துக்கு வந்தோம். மகன் இனியன் பிறந்தான்.

அவனுக்கு ஐந்து ஆறு வயதிருக்கும்போது சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து வந்து சோபாவில் என் வயிற்றில் தலைவைத்துப் படுத்தபடி இந்தத் தட்டைக் கேட்பான். உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, இதில் பெரியவர் யார் என்று கேட்டான். பெரியவர் இதில் இல்லை, அவர் வேறு இடத்தில் வேறு மாதிரி வாசிக்கிறார் என்றேன். உறையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தான்.

"அவருக்குத் தெரியுமோ, இவை தன்னை மாதிரி வாசிக்கினம் எண்டு?"

தெரிந்திருக்கும் என்றேன். அப்படியானால் ஏன் வந்து சேர்ந்துகொள்ளவில்லை என்றான்.  பசிக்குதோ என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

அந்தத் தட்டால்தான் அவன் டிரம்பெட் கேட்டான். பள்ளிக்கூட வாத்தியக்குழுவில் சேர்த்தோம். இங்கே அதைக் கோர்ப்ஸ் என்பார்கள். சேர்ந்தால் பெற்றோருக்கும் சீருடை இல்லாத ஒரு சேவை உண்டு, வாஃபிள் சுட்டு விற்பது. நான் சுட்ட முதல் வாஃபிள் தோசைக்கல்லில் ஒட்டிய தோசைபோல் வந்ததில் மனைவி வாசுகி இன்றுவரை சிரிப்பாள். அண்மைவரை சிரித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதவேண்டும். இந்த நாட்டின் தேசிய நாளான மே பதினேழு ஊர்வலத்தில் தொப்பிக்குள் காது மறைய, கன்னம் உப்ப, எல்லோரும் நேராக வாசிக்க, இவன் மட்டும் ஓரிடத்தில் கொஞ்சம் தன்பாட்டுக்கு வளைத்து வாசித்துவிட்டு என்னைத் தேடித் திரும்பிப் பார்ப்பான். நான் தலையாட்டுவேன். அது எங்கள் இருவருக்குள் இருந்த விஷயம்.

இப்போது அவனுக்கு இருபத்தொன்று. போன இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போவது குறைந்தது, தூக்கம் குறைந்தது. பரீட்சைப் பயம் என்று நினைத்தோம். ஒரு பின்னேரம் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தான்.

"நல்லாச் செய்யிறியள்" என்றான்.

வெங்காயத்தைச் சொல்கிறான் என்று நினைத்தேன். "என்னத்தையடா?"

"அப்பா மாதிரி. குரலும் அப்பிடியே கிடக்கு."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. நல்ல வேலைக்காரனைப் பாராட்டுவது மாதிரி ஒரு மரியாதை அந்த முகத்தில். அப்பா எங்கே, அவரை என்ன செய்தீர்கள் என்று அவன் கேட்டது அதற்கும் பிறகு. வாசுகியையும் அப்படித்தான் பார்த்தான். அவள் வைத்த சோற்றைத் தொடவில்லை.

டாக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். முகம் தெரியுமாம், முகத்தைக் கண்டதும் உள்ளே எழும்பவேண்டிய உணர்வு எழும்பாதாம். ஆகவே மூளை, இது வேறு ஆள் என்று முடிவுகட்டிவிடுமாம். மருந்தில் மாறலாம், நாளெடுக்கலாம். வாதாடாதீர்கள், நிரூபிக்கப் பார்க்காதீர்கள் என்றார். நிரூபிக்காமல் எப்படி இருப்பது? அவன் முழங்காலில் தையல் போட்ட கதையைச் சொன்னேன். ஊர்வலத்தில் திரும்பிப் பார்த்ததைச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வடிவாச் சொல்லித் தந்திருக்கினம்" என்றான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு எங்களைப் பார்க்க மறுத்தான். வாரங்கள் போயின. சென்ற சனிக்கிழமை காலை வார்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. வெளியே நடக்கப் போகிறானாம், குளிர் ஜாக்கெட் வேண்டுமாம், கொண்டுவந்தால் சந்திக்கச் சம்மதமாம். அதற்காகத்தான் நிலவறைக்குப் போனது.

மேலே வந்து வாசுகியிடம், அங்கே அவன் யாரோ என்று பார்த்தால் உன்னால் தாங்க முடியுமா என்று கேட்டேன். அவள் அதற்குள் சப்பாத்துப் போட்டுவிட்டாள்.

"ஜாக்கெட் கொண்டுவந்த பொம்பிளை எண்டு நினைக்கட்டுமன். பாத்திட்டு வாறன்."

ரயில் ஏறினோம். நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். எப்படி வணக்கம் சொல்வேன், எப்படிச் சிரிப்பேன், என் வழக்கமான சிரிப்பு எது. ஒரு மனிதன் தன்னைத்தானே பார்த்துப் பழகவேண்டி வந்தால் அவன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

இனியன் மெலிந்திருந்தான். தாடி விட்டிருந்தான். எழுந்து நின்று எங்களுக்குக் கதிரை காட்டினான். கோப்பி வேண்டுமா என்று நோர்வே மொழியான நொர்ஸ்க்கில் கேட்டான். எங்களோடு அவன் வீட்டில் ஒருநாளும் நொர்ஸ்க் கதைத்ததில்லை. ஜாக்கெட்டைக் கொடுத்ததும் வாங்கி, அதன் பையைத் தடவிப் பார்த்து, "இது என்ரைதான்" என்று தமிழில் சொன்னான். ஜாக்கெட்டை அவனுக்கு உடனே தெரிந்தது. வாசுகி கதிரையின் விளிம்பைப் பிடித்திருந்தாள். நான் காலநிலையைப் பற்றிக் கதைத்தேன். ரயில் பாதை வேலையைப் பற்றிக் கதைத்தேன். அவன் மரியாதையாகத் தலையாட்டினான்.

நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னபோது அவன் கதவுவரை வந்தான். வாசுகி முன்னே போய்விட்டாள். என் பக்கம் சாய்ந்து, மெல்லச் சொன்னான்.

"அப்பாவை எங்கையும் கண்டால் சொல்லுங்கோ, நான் இஞ்சைதான் இருக்கிறன் எண்டு. தேடித் திரிவார்."

"ஓம். சொல்லுறன்" என்றேன்.

பெரியவர் இறந்துவிட்டார். நால்வரும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நாதன் அண்ணை துடைத்த மண்டபம் இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. கீழ்வீட்டு அம்மையார், டிரம்பெட் சத்தத்துக்கு எங்கள் மணியை அடித்து முறைப்பாடு சொல்லுகிறவர், இப்போது படியில் கண்டால் பையன் வீடு மாறிவிட்டானா என்று கேட்கிறார். இவை போனது எனக்குத் தெரியும், போன திசையும் ஓரளவு தெரியும். கண்டால் சொல்லுங்கோ என்று அவன் சொன்ன ஆளைத்தான் காணவில்லை. அந்த மனிதர் சவரம் செய்யும்போது என்ன முணுமுணுப்பார், மகனின் அறைக் கதவை எப்படித் தட்டுவார், தட்டாமலே திறப்பாரா. இன்று காலை அந்த வெற்று அறையின் முன்னால் கையை உயர்த்தியபடி நின்றேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.